ஓடுகிற ஈமுவும் தீக்கோழியும்: படம் எங்கே பிழைத்தது?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் மெமரி கார்ட்டும் கையுமாக வந்தார். மெல்பேணில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் நின்றவர். கார்ட்டில் 1,140 படம், அத்தனையும் ஈமு. "அண்ணை, லென்ஸ் பழுதா எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். லென்ஸில் ஒரு பழுதும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் படத்திலும் திரும்பத் திரும்ப ஒரு ஏழெட்டுப் பிழைதான். எல்லாம் எனக்குப் பழக்கமானவை. எட்டு வருடத்துக்கு முன் அதே நாட்டில் நானும் ஒன்று விடாமல் விட்ட பிழைகள்.

நான் கலியாணவீட்டுப் படக்காரன். மணவறையில் மாப்பிள்ளை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடமாட்டார் (ஓட நினைத்தவர்கள் இருக்கலாம்). ஈமு ஓடும். ஆபிரிக்கத் தீக்கோழி 70ஐத் தொடும். திருகோணமலையில் இரண்டும் இல்லை. ஆனால் போகிறதுக்கு முன் பழகிக்கொள்ள இங்கே வேண்டியதெல்லாம் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கம். படத்தைக் கணினியில் 100 வீதத்துக்குப் பெருப்பித்து மூன்று இடம் பாருங்கள்: பறவையின் கண், நிலத்தில் ஊன்றிய கால், அந்தக் காலடியில் நிற்கிற புல். மூன்றில் எது கூர்மை, எது கரைந்திருக்கிறது என்று தெரிந்தால் பிழை பிடிபட்டுவிடும். கமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாப் படமும் நல்ல படம்தான், அதை நம்பவேண்டாம்.

"புல்லு வடிவா இருக்கு, பறவைதான் கஞ்சி மாதிரி"

எந்தப் புல்? இதைக் கேட்காமல் மருந்து சொல்ல ஏலாது.

பறவைக்குப் பின்னால் தூரத்தில் நிற்கிற புல்லோ பற்றையோ கூர்மை, காலடிப் புல் மங்கல் என்றால் ஃபோகஸ் வழுக்கியிருக்கிறது. தீக்கோழியின் கழுத்து தடி மாதிரி. அந்த மெல்லிய கழுத்தில் ஃபோகஸ் புள்ளியை வைத்துக்கொண்டு ஓட ஓடத் தொடர்ந்தால், உங்கள் கை ஒரு விரலளவு விலகினாலும் புள்ளி பின்னால் உள்ள காட்டுக்குப் போய்விடும். கமராவுக்கு அங்கே பிடிப்பு அதிகம், அதனால் திரும்பி வராது. கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், நெஞ்சில், புள்ளியை வையுங்கள். ஒரு புள்ளிக்குப் பதிலாகச் சின்னக் கூட்டமாக நாலைந்து புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. நெஞ்சில் வைத்தால் கண் மங்கிப் போகாதா என்று கேட்பீர்கள். முழுச் சட்டகக் கமராவில் (சென்சார் பழைய ஃபிலிம் அளவு) 500 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துவாரம் எஃப்/5.6, பறவை 40 மீற்றரில் என்றால் கூர்மையான ஆழம் ஏறக்குறைய 2 மீற்றர். குறுக்காக ஓடுகிற பறவை கண்ணோடு சேர்த்து முழுசாக அதற்குள் வந்துவிடும். 20 மீற்றருக்குக் கிட்டினால் அந்த ஆழம் அரை மீற்றராகச் சுருங்கிவிடும். அப்போதுதான் கண்ணைத் தேடவேண்டும். பறவையின் கண்ணைத் தானாகப் பிடிக்கிற புதிய கமரா வைத்திருப்பவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம். உயரப் புல் இடையில் வந்தால் அதுவும் தடுமாறும் என்பதை நினைவில் வைத்தால் சரி.

ஃபோகஸ் முறை தொடர் ஃபோகஸாக இருக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கேனன்காரருக்கு சேர்வோ, நிக்கோன், சோனிக்கு ஏஎஃப்-சி. தம்பியின் கமரா அதில்தான் இருந்தது. ஆனால் 'பொருள் மாறினால் எவ்வளவு கெதியாகத் தாவவேண்டும்' என்ற அமைப்பைக் கூட்டி வைத்திருந்தார். குறுக்கே ஒரு வேலிக்கம்பம் வந்தாலே கமரா ஈமுவை விட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறது. அதைக் குறைத்து வையுங்கள்.

இனி மற்றப் புல். காலடிப் புல்லும் ஊன்றிய காலும் கூர்மை, உடம்பும் கழுத்தும் இழுபட்டிருக்கின்றன என்றால் ஃபோகஸில் பிழையே இல்லை. நீங்கள் நின்றுவிட்டீர்கள், பறவை போய்விட்டது. பொத்தானை அழுத்துகிற நொடியில் கை தானாக நிற்கும், எல்லாருக்கும் வருகிற நோய் இது. மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்கு 14 மீற்றர். ஷட்டர் 1/250 நொடி திறந்திருந்தால் அதற்குள் பறவை 5 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், 1/2000இல்கூட 7 மி.மீ. பறவை படத்தின் பாதி உயரத்துக்கு இருந்தால், 24 மெகாபிக்சல் படத்தில் அந்த 7 மி.மீ. எட்டுப் பிக்சல் அளவுக்கு இழுபடும். ஆக ஷட்டரை மட்டும் கூட்டித் தப்ப ஏலாது, பறவையோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். கை அழுத்துகிறது, உடம்பு தொடர்ந்து திரும்புகிறது, பறவை சட்டகத்தை விட்டுப் போனபிறகும் இன்னும் கொஞ்சம் திரும்புகிறது.

"உடம்பு நல்லா வந்திருக்கு, காலைக் காணேல்ல"

எனக்குப் பிடித்த பிழை இது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

டச் பே கடற்கரை வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். சைக்கிளில் பிள்ளைகள் போவார்கள். கமராவை அசைக்காமல் 1/60இல் ஒரு படம் எடுத்துச் சில்லைப் பாருங்கள். வீதியைத் தொடுகிற இடத்தில் கம்பிகள் ஒன்றொன்றாக எண்ணத்தக்கதாக இருக்கும், மேலே போகப் போகக் கம்பியே தெரியாது. சில்லு தரையைத் தொடுகிற புள்ளி அந்தக் கணத்தில் தரையோடு தரையாக நிற்கிறது, உச்சிப் புள்ளி சைக்கிளைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது.

ஈமுவின் காலும் அப்படித்தான். ஊன்றிய கால் நிற்கிறது. உடம்பு 50இல் போகிறது. பின்னாலிருந்து முன்னுக்கு வீசப்படுகிற மற்றக் கால் உடம்பையும் முந்தவேண்டும், ஆகவே அது அதைவிட மிக வேகமாகப் போகிறது. ஒரே பறவையில் ஒரே நேரத்தில் மூன்று வேகம். நீங்கள் உடம்போடு சேர்ந்து ஒழுங்காகத் திரும்பினால் உடம்பு கூர்மையாக நிற்கும், இரண்டு காலும் இரண்டு திசையில் கரையும். உங்கள் திரும்பல் திறம் என்பதற்கு அதுவே சான்றிதழ். காலும் வேண்டுமென்றால் 1/2000, தீக்கோழிக்கு 1/3200. வெளிச்சம் காணாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்வை, கூட்டுங்கள், படம் கொஞ்சம் மணல்மணலாகும். மணல்மணலாக இருக்கிற படத்தைத் திருத்தலாம், கரைந்துபோன காலைத் திருத்த ஏலாது.

கால் தெளிந்து வந்தால் அதில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தீக்கோழிக்குக் காலுக்கு இரண்டே விரல், ஈமுவுக்கு மூன்று. பின்பக்கம் மடிகிற 'முழங்கால்' உண்மையில் கணுக்கால். மெய்யான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

"எல்லாம் கூர்மை அண்ணை, ஆனா ஓடுற மாதிரியே இல்லை"

ஈமுவுக்குக் கோயில் வாகனம் மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும். தூக்கி வைத்தது போல நிற்கும்.

இரண்டு காரணம். ஒன்று, பறவை உண்மையிலேயே பறந்து பாயவில்லை. இந்தப் பெரிய பறவைகள் நடுத்தர வேகத்தில் ஓடும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். இரண்டு காலும் அந்தரத்தில் நிற்கிற படம் முழுவேகத்தில்தான் கிடைக்கும். மெல்ல ஓடுகிற ஈமுவை ஆயிரம் தரம் அடித்தாலும் அந்தப் படம் வராது. இரண்டாவது, கமரா நொடிக்கு 10 படம் எடுத்தால் 50 கி.மீ. வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பறவை 1.4 மீற்றர் போய்விடுகிறது. அந்த இடைவெளிக்குள்தான் நல்ல கால் விரிப்பு தப்பிப்போகும். 20க்குப் போனால் 70 செ.மீ. பழைய கமரா வைத்திருப்பவர்கள் கவலைப்படவேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது: ஷட்டரை வேண்டுமென்றே 1/60க்கு இறக்கி, பறவையோடு திரும்புங்கள். பின்னணிப் புல் கோடுகோடாக ஓட, தலையும் நெஞ்சும் மட்டும் நிற்க, காலிருக்கவேண்டிய இடத்தில் புகை. எனக்கு அதுதான் ஓட்டம். தம்பிக்கு அது 'பழுதான படம்'. அவருடைய கார்ட்டில் இப்படி ஒன்று தற்செயலாக விழுந்திருந்தது. அழிக்கப் போனவரைத் தடுத்து, அதைத்தான் பெரிசாக அச்சிடச் சொன்னேன்.

இப்படித் திரும்பி எடுக்கும்போது லென்ஸின் நடுக்கம் தணிக்கும் ஆளியைப் பாருங்கள். கேனனிலும் சோனியிலும் 2ஆம் நிலை, நிக்கோனில் ஸ்போர்ட். சாதாரண நிலையில் விட்டால் நீங்கள் திரும்புவதையே அது நடுக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுக்கப் பார்க்கலாம்.

"கண், கால், புல்லு, ஒண்டும் கூர்மை இல்லை"

இழுபட்ட தடமிருந்தால் திசையைப் பாருங்கள். மேல் கீழாக இழுபட்டிருந்தால் வாகனத்தின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கும், நிப்பாட்டச் சொல்லுங்கள். கதவில் கையை ஊன்றாமல் ஒரு தானியப் பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாத்துங்கள். பையை இங்கிருந்து வெறுமையாகவே கொண்டுபோங்கள். திருகோணமலை அரிசியோடு அவுஸ்திரேலிய விமான நிலையத்தில் இறங்கினால், ஈமுவைப் பார்க்கமுன் அவர்களுடைய சுங்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அரிசியோ பயறோ அங்கேயே வாங்கி நிரப்பலாம்.

இழுபடவும் இல்லை, தண்ணீருக்குள்ளால் பார்க்கிற மாதிரி ஓரங்கள் அலைகின்றன என்றால் அது கானல். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் காலை பத்து மணிக்கு நிலாவெளி உப்பளப் பக்கம் போய்த் தூரத்தில் நிற்கிற கொக்கை எடுத்துப் பாருங்கள், ஒரே பாடத்தில் விளங்கிவிடும். நிலம் சுட, மேலே எழும்புகிற சூடான காற்று வெளிச்சத்தை வளைக்கிறது. லென்ஸ் நீளமானால், பறவை தூரமானால், எல்லாம் மோசமாகும். ஷட்டர் 1/8000 என்றாலும் போகாது, விலையான லென்ஸாலும் போகாது. சோதனை இலகு: அசையாத ஒரு கம்பத்தைப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் பத்து விதமாக நெளிந்திருந்தால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். கென்யாவில் அம்போசெலியின் வறண்ட ஏரித்தரைக்கோ நமீபியாவின் எட்டோஷாவுக்கோ தீக்கோழி தேடிப் போகிறவர்களுக்கு, சூரியன் எழும்பி முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் வேலைநேரம்.

இதில் ஒரு இழுபறியும் இருக்கிறது. பெரிய பறவையின் கம்பீரம் வரவேண்டுமென்றால் கமரா தாழ இருக்கவேண்டும். கானலும் நிலத்தோடுதான் கூட. காலையில் தாழப் படுங்கள், வெயில் ஏற ஏற நீங்களும் ஏறுங்கள்.

என் கதையைக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஹே சமவெளி, ஆடி மாதம், விடியப்புறம், பல் அடிக்கிற குளிர். கானலுக்கு வழியே இல்லை. ஐம்பது மீற்றரில் ஆறு ஈமு. காரின் கண்ணாடியை இறக்கி அரை மணித்தியாலம் எடுத்தேன். பின்னேரம் பார்த்தால் முழுதும் உப்பளக் கொக்கு மாதிரி நெளிகிறது. இரண்டு நாள் லென்ஸைத் திட்டினேன். மூன்றாம் நாள்தான் விளங்கியது. குளிர் தாங்காத அத்தான் ஹீட்டரை முழுதாகப் போட்டிருந்தார். காருக்குள்ளிருந்த சூடான காற்று திறந்த கண்ணாடிக்குள்ளால், என் லென்ஸைச் சுற்றிக்கொண்டு, வெளிக் குளிருக்குள் பாய்ந்திருக்கிறது. கானலை நாங்களே வீட்டில் செய்து எடுத்துக்கொண்டு போன மாதிரி. "அத்தான், ஹீட்டரை நிப்பாட்டுங்கோ" என்று சொல்ல எனக்கு மூன்று நாள் சென்றது. எடுக்கிறதுக்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே ஹீட்டரை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். வெயிலில் நின்ற காரின் முன்மூடிக்கு மேலாலும் எடுக்கவேண்டாம், அதுவும் அடுப்புத்தான்.

"ஆண் தீக்கோழியில வெள்ளை இறகு வெளிறிப் போகுது"

ஆண் தீக்கோழி கரிக்கறுப்பு, செட்டை நுனியும் வாலும் வெள்ளை. கமரா கறுப்பை அளந்து அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அந்த வேகத்தில் வெள்ளை எரிந்து வெறும் கடதாசியாகிவிடும். எரிந்த வெள்ளையில் பிறகு ஒரு இறகையும் மீட்க முடியாது, கறுப்பில் ஓரளவு மீட்கலாம். ஆகவே வெள்ளைக்கு அளந்து, மனுவல் முறையில் பூட்டி, அப்படியே விடுங்கள். பறவை வெயிலிலிருந்து நிழலுக்குப் போகாதவரை மாற்றத் தேவையில்லை.

பழகுவதற்குத் தம்பலகாமத்து வயல்வெளி மாதிரி இடம் கிடையாது. எருமையின் முதுகில் கொக்கு. அதே கரிக்கறுப்பு, அதே வெள்ளை, எருமை ஓடாது என்பது மட்டும்தான் வித்தியாசம். கொக்கின் கழுத்து இறகு தனித்தனியாகத் தெரிய, எருமையின் தோலில் காய்ந்த சேறும் தெரிகிற அளவை நீங்கள் பிடித்துவிட்டால் கென்யாவின் மாசாய் மாராவில் தீக்கோழிக்குத் திண்டாடமாட்டீர்கள். ஈமுவுக்கு மறுவளம்: மண்ணிறப் பறவை, வெளிர்மஞ்சள் காய்ந்த புல். புல்லை அளந்து கமரா பறவையை இருட்டாக்கும். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள், முகத்தின் நீலத்தோல் அப்போதுதான் தெரியும்.

"வேலிக்கம்பமெல்லாம் சரிஞ்சு நிக்குது"

சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டர். சென்சார் வரிவரியாக வாசிக்கிறது. வாசித்து முடிய முன் நீங்கள் திரும்பிவிடுகிறீர்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

"நல்ல நேரத்தில கமரா நிண்டு போச்சு"

பஃபர், அதாவது கார்ட்டுக்குப் போகமுன் படங்கள் தங்குகிற கமராவின் உள்நினைவகம், நிரம்பிவிட்டது. ஈமு எழும்பி நடக்கத் தொடங்கியதிலிருந்தே பொத்தானை விடாமல் அழுத்தியிருப்பீர்கள். அது ஓடத் தொடங்க, கமரா கார்ட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கும். எட்டுப் பத்துப் படமாக விட்டு விட்டு அடியுங்கள். கார்ட்டும் மெதுவான கார்ட்டாக இருக்கலாம். மலிவு என்று ஒரு கடையில் நான் வாங்கிய கார்ட்டில் 128 என்று எழுதியிருந்தது, உள்ளே அவ்வளவு இடமே இருக்கவில்லை. புதுக் கார்ட்டை ஊரிலேயே ஒருமுறை முழுதாக நிரப்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

"எல்லாம் பின்பக்கம்தான் அண்ணை"

தம்பியின் கார்ட்டில் பாதிக்கு மேல் இதுதான். ஈமுவின் பின்பக்கம், ஓடுகிற வைக்கோற்கட்டு மாதிரி. இதற்குக் கமராவில் ஒரு ஆளியும் கிடையாது. நீங்கள் அதைத் துரத்தியிருக்கிறீர்கள். கிட்டப் போகப் போக அது எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுகிறது. காரால் விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலியோரம் ஓடுகிற ஈமு வேலியில் மோதிக் காலை உடைத்துக்கொள்ளும். ஒரு படத்துக்காக அதைச் செய்கிறவரிடம் எனக்குக் கதையில்லை. வரிவரியான குஞ்சுகளோடு ஒரு ஈமு நின்றால் அது தகப்பன். எட்டுக் கிழமை அடைகாத்து, குஞ்சுகளையும் தனியே வளர்க்கிறவர். அங்கே நீண்ட லென்ஸோடு தூரவே நில்லுங்கள். ஆபிரிக்கப் பூங்காக்களில் குறித்த இடம் தவிர வாகனத்தை விட்டு இறங்கவே விடமாட்டார்கள், தீக்கோழியின் உதை சிங்கத்தையும் கொல்லும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டோரம் ஈமுவின் இனத்துப் பறவையான கசோவரியைக் கண்டால் படத்தையே மறந்து பின்வாங்குங்கள், உள்விரலில் 12 செ.மீ. நகம்.

பக்கவாட்டு ஓட்டம் வேண்டுமென்றால் அது போகிற வழியைப் படித்து, சூரியன் உங்கள் முதுகில் இருக்கத்தக்கதாக முன்கூட்டியே போய் இருக்கவேண்டும். நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில் காலையில் வீதியைக் குறுக்கறுக்கிற மயில்களில் பழகலாம். மயிலும் அவசரமென்றால் பறக்கமுன் ஓடத்தான் பார்க்கும், ஒரே கடவையைத்தான் நாளும் பாவிக்கும். திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமான்களில் பழகலாம் என்று போகவேண்டாம், அவை உங்கள் பையில் என்ன தின்ன இருக்கிறது என்று பார்க்க வரும்.

ஈமுவுக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது: விடுப்புப் பார்க்கிற குணம். அசாதாரணமாக ஒன்றைக் கண்டால் கிட்ட வந்து பாராமல் இராது. ஹேயில் கடைசி நாள், வீதியை விட்டுத் தள்ளிப் புல்லில் மல்லாக்கப் படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டினேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று ஈமு, ஒவ்வொரு அடிக்கும் நின்று யோசித்து, பதினைந்து மீற்றருக்கு வந்துவிட்டன. 500 மி.மீ. லென்ஸில் தலையும் கழுத்தும் மட்டும்தான் கொள்ளும். மெல்ல உருண்டு கமராவைத் தூக்க, தூரத்து வீதியில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. மூன்றும் எனக்குக் குறுக்காக, காலைச் சூரியனுக்குள்ளால் வெட்டிக்கொண்டு போயின. ஒன்பது படம் எடுத்தேன், நாலு தேறியது. ஒன்றில் நடுவில் ஓடியதன் இரண்டு காலும் அந்தரத்தில் நிற்கின்றன.

அத்தானும் காருக்குள்ளிருந்து போனில் ஒன்று எடுத்திருக்கிறார். காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிற நான், சுற்றி நின்று பார்க்கிற மூன்று ஈமு. அந்தப் படத்தில் கண், கால், புல், எல்லாமே கூர்மை.